வாரிக் நோஸ்கேயின் சும்மா இராத விரல்கள்

வாரிக் நோஸ்கேயிடம் ஒரு வேலையைக் கொடுத்தால் முடித்துவிடுவான். முடித்ததை அப்படியே விட்டுவிடச் சொன்னால்தான் சங்கடம்.

பிறந்தது ஆஸ்திரேலியாவில், ஒயினுக்குப் பேர்போன பரோஸாவில். அப்பாவுக்குத் திராட்சைத் தோட்டம், அண்ணன் க்ளென்னுக்கு டிராக்டர், வாரிக்குக்குக் கூரை. கூரை என்றால் வீட்டுக் கூரைதான். சனிக்கிழமை ஃபுட்டி என்கிற அந்த ஊர்க் கால்பந்து ஆட்டம் தொடங்கினால் டிவி ஏரியலைத் திருப்ப இவனைத்தான் மேலே ஏற்றுவார்கள். உள்ளே இருந்து அப்பாவின் குரல் ஓட்டைப் பிளந்துகொண்டு வரும். “எடது பக்கம்! இன்னும்! அங்கதான்! அசையாத! அசையாதடா! அடச்சே, போச்சு!” படம் நன்றாக வந்துவிட்டது, இறங்கி வா என்றால் இறங்க மாட்டான். இன்னும் ஒரு முடி அளவு திருப்பினால் இன்னும் நன்றாக வருமே என்று ஒரு நப்பாசை. திருப்புவான். சரியாகக் கோல் விழும் நேரத்தில் படம் போய் டிவியில் வெள்ளைப் புள்ளிகள் பனியாகக் கொட்டும். ஒரு வருடம் இறுதி ஆட்டத்தின் கடைசிப் பகுதி முழுவதையும் நோஸ்கே குடும்பம் காதால்தான் பார்த்தது. அப்பா அன்றைக்கு ஏணியை எடுத்து ஒளித்து வைத்துவிட்டார், பையன் மேலே இருக்கும்போதே.

பிற்பாடு மனைவியான பெத்தினாவை முதன்முதலாகச் சாப்பிட அழைத்துப் போன இடத்தில் மேசை ஆடியது. காகிதத்தை மடித்துக் காலுக்கு அடியில் செருகினான். அந்தப் பக்கம் ஆடியது. அந்தப் பக்கம் செருகினான். முதல் பக்கம் ஆடியது. பெத்தினா தனியாகவே சாப்பிட்டு முடித்து, மேசைக்கு அடியில் குனிந்து கேட்டாளாம். “சார், நீங்க கீழ இருந்தே கல்யாணத்துக்குக் கேட்டுருவீங்களா, இல்ல மேல வருவீங்களா?” அவள் பல் மருத்துவரிடம் உதவியாளராக இருப்பவள். வாயைத் திறக்க வைப்பது அவளுக்குத் தொழில்.

இப்படிப்பட்ட விரல்களுக்கு உலகத்தில் ஒரே ஒரு இடம்தான் உண்டு. அடிலெய்டில் ஒரு பல்கலைக்கழகத்தின் அடித்தளத்தில், ஜன்னல் இல்லாத லேசர் ஆய்வகம். கதவுக்கு மேலே சிவப்பு விளக்கு, உள்ளே கட்டில் மாதிரி ஒரு கனத்த இரும்பு மேசை, மேசை முழுக்கக் காசு அளவுக்குச் சின்னச் சின்ன ஆடிகள், ஒவ்வொரு ஆடியின் முதுகிலும் இரண்டு திருகுகள். திருகை மயிரிழை திருப்பினால் ஒளிக்கற்றை இடம் மாறும். வாரிக் உள்ளே நுழைந்த முதல் நாள் தன் ஊருக்கு வந்து சேர்ந்த மாதிரி உணர்ந்தான். ஏரியல்கள்! நாற்பது ஏரியல்கள்! ஏணியும் வேண்டாம்!

அங்கே அவன் கட்டிக்கொண்டிருந்தது ஆரஞ்சு நிற லேசர். வானத்தில் காற்று கலங்குவதால் நட்சத்திரம் மினுங்கும். நமக்கு அது அழகு, தொலைநோக்கிக்காரர்களுக்கு வயிற்றெரிச்சல். அதனால் இந்த லேசரை மேலே அடித்து, உயரத்தில் ஒரு பொய் நட்சத்திரத்தைப் பற்றவைப்பார்கள். அது எப்படி நடுங்குகிறது என்று பார்த்துத் தொலைநோக்கி தன்னைத் திருத்திக்கொள்ளும். பொய் நட்சத்திரம் நிலையாக எரிந்தால்தான் இத்தனையும். லேசரின் வலுவை அளக்க வாரிக்கின் மேசையில் இருக்கும் மீட்டர் இருபது வாட் காட்ட வேண்டும், காட்டிக்கொண்டே இருக்கவும் வேண்டும்.

அதுதான் காட்டவில்லை.

ஒருநாள் இருபது. மறுநாள் பதினேழு. மத்தியானம் பத்தொன்பது. சாயங்காலம் இருபத்தொன்றரை என்று கும்மாளம் போட்டுவிட்டு, மறுநாள் காலையில் பதினைந்தில் படுத்துக் கிடக்கும். ஒரு ஒழுங்கும் இல்லை. ஒழுங்கில்லாமல் இருப்பதிலாவது ஒரு ஒழுங்கு இருக்கும் என்று பார்த்தால் அதுவும் இல்லை.

மார்ச் மாதம் பிறந்துவிட்டது. அடிலெய்ட் கோப்பைக் குதிரைப் பந்தயத்துக்காக விடும் திங்கள்கிழமை விடுமுறை முடிந்து, அந்த வியாழக்கிழமை மலை மேலிருக்கும் வானாய்வு நிலையத்திலிருந்து நெரிடா காலவே வருகிறாள். காலையில் உட்கார்ந்து மதியச் சாப்பாடு வரைக்கும் மீட்டரைப் பார்ப்பாள். நிலையாக நின்றால் லேசரை மலைக்கு எடுத்துக்கொள்வாள். ஆய்வகத்துக்கு இன்னும் மூன்று வருடம் உயிர், வாரிக்குக்கு மூன்று வருடம் வேலை. நிற்கவில்லை என்றால் வேறு யாரிடமாவது வாங்கிக்கொள்வாள். வாரிக் பரோஸாவுக்குப் போய் அண்ணனுக்குத் திராட்சைக் கொடி வெட்ட வேண்டியதுதான். வருடா வருடம் நீட்டிக்கும் வேலை அது. இந்த வருடம் நீட்ட யாரிடமும் பணம் இல்லை.

“ஹெட்லி, என்ன பண்றதுன்னே புரியல” என்றான் வாரிக்.

பேராசிரியர் ஹெட்லி பாஸ்கோ தலையைச் சொறிந்தார். அவர் எந்தக் கேள்விக்கும் இரண்டு பதிலையும் சேர்த்துத்தான் சொல்வார், நமக்கு வேண்டியதை நாம் எடுத்துக்கொள்ளலாம். “ஆமா... இல்ல... பாரு மேட், அது சரியாயிடும். ஆகாமலும் போகலாம். ஆனா ஆயிடும்.”

“ட்ராம் வண்டியா இருக்குமோ?”

“ஆமா... இல்ல...”

ட்ராமேதான் என்று வாரிக் முடிவு கட்டினான். தெருவில் ட்ராம் போகும்போது தரை அதிரும், தரை அதிர்ந்தால் மேசை அதிரும். ஆய்வு மாணவி ஸோயி கராலிஸை வாசலில் நிறுத்தினான். ஸோயிக்கு எது சொன்னாலும் கடைசியில் குரல் மேலே ஏறிவிடும். தன் பெயரைச் சொன்னால்கூட நம்மிடம் சந்தேகம் கேட்பது போலத்தான் இருக்கும்.

“ட்ராம் வருது?” என்று போனில் கத்தினாள் ஸோயி.

“வருதா, வருதான்னு கேக்கறியா?”

“வருதுன்னு சொல்றேன்?”

மீட்டர் விழுந்தது. வாரிக் துள்ளிக் குதித்தான். அடுத்த ட்ராம் வந்தது. மீட்டர் ஏறியது.

“போற ட்ராமுக்கு விழுது, வர்ற ட்ராமுக்கு ஏறுது போல” என்றான் வாரிக்.

“ரெண்டுமே போற ட்ராம்தான்?” என்றாள் ஸோயி.

ட்ராம் விடுதலை ஆனது. அடுத்து மாட்டியது டீ போடும் மின்கெட்டில். பக்கத்து அறையில் யாரோ தண்ணீர் கொதிக்க வைக்கும்போதெல்லாம் மின்சாரம் சுணங்குகிறது என்று வாரிக் கெட்டிலைப் பிடுங்கி அலமாரியில் வைத்துப் பூட்டினான். அடித்தளமே கொந்தளித்தது. பாஸ்கோ முதல்முறையாக ஒரே பதிலாகச் சொன்னார். “கெட்டிலைக் குடு.” கெட்டில் பூட்டிக் கிடந்த பாதி நாளில் மீட்டர் ஆடியது முன்னைவிட மோசம்.

பிறகு ஏசி. ஏசியின் வாய்க்கு அட்டை ஒட்டினான். எல்லோரும் வியர்த்தார்கள், லேசர் மட்டும் தன் போக்கில் இருந்தது. பிறகு தன் மேலேயே சந்தேகம் வந்தது. ஆறடி உடம்பு, நூறு கிலோ, அடுப்பு மாதிரி சூடு விடுகிறது, அந்தக் காற்று ஒளிக்கற்றையைக் கலைக்கிறதோ? வெளியே வராந்தாவில் நின்று கதவிலிருந்த சின்னக் கண்ணாடி வழியாக மீட்டரைப் பார்த்தான். அந்த வழியாக வந்த துப்புரவுக்காரி சொன்னாள்: “உள்ள யாரையாவது பிரசவத்துக்குச் சேத்திருக்கியா, தம்பி?”

வீட்டில் பெத்தினா கேட்டாள். “என்ன, கண்டுபிடிச்சியா?”

“கண்டுபிடிச்சதெல்லாம் தப்புன்னு கண்டுபிடிச்சிருக்கேன்.”

“பரவால்ல. எங்க டாக்டரும் அப்படித்தான் ஒருத்தருக்கு மூணு பல்லு புடுங்கினாரு.”

கோப்பை விடுமுறை வந்தது. பரோஸாவில் அறுவடைக் காலம், க்ளென்னுக்கு ஆள் பற்றாது. குடும்பத்தில் யார் எந்தப் பட்டம் வாங்கியிருந்தாலும் அன்றைக்குக் கத்திரிக்கோலும் வாளியும்தான். வாரிக்குக்குப் போக மனமே இல்லை. வியாழன் வருகிறதே! ஆனால் அண்ணனிடம் வர முடியாது என்று சொல்லும் தைரியம் பரோஸாவில் யாருக்கும் கிடையாது. கடைசியில் அன்று விடிகாலையில் லேசரைப் போட்டு ஓடவிட்டு, அறையைப் பூட்டி, மீட்டரின் எண் தன் போனில் தெரியும்படி செய்துவிட்டுக் கிளம்பினான். பாஸ்கோ கடற்கரை வீட்டுக்குப் போய்விட்டார். ஸோயிக்குச் சொந்தத்தில் ஒரு ஞானஸ்நானம், அங்கே முந்நூறு கிரேக்கர்கள், ஒரு ஆடு.

தோட்டத்தில் ஒரு கையில் கத்திரி, ஒரு கையில் போன்.

“போனைப் பாக்காத. கொடியைப் பாரு” என்றான் க்ளென். வார்த்தையைக் காசு மாதிரி எண்ணிக் கொடுப்பவன் அவன்.

“க்ளென், விழுதுடா.”

“என்ன?”

“நம்பர். பத்தொம்பது... பதினெட்டரை... ஐயோ, பதினேழு!”

க்ளென் பழத்தின் சர்க்கரை அளவைத்தான் சொல்கிறான் என்று நினைத்துக்கொண்டான். “பதினேழா? கிஸ்மிஸே ஆயிருக்கும். நாங்க பதினாலுலயே பறிச்சிருவோம்.”

“நான் போகணும். ஒரே ஒரு திருகு. ஒரு முடி அளவு. போய்ட்டு உடனே வந்துடறேன்.”

“கார் ட்ரெய்லருக்குப் பின்னால நிக்குது.”

“ட்ரெய்லரை எடு.”

“ரொம்பினாத்தான் எடுப்பேன்.”

ட்ரெய்லர் பாதிகூட நிரம்பவில்லை. வாரிக் பேய் பிடித்தவன் மாதிரி பழம் வெட்டினான். க்ளென் வாழ்க்கையில் தம்பியை அவ்வளவு வேகமாகப் பார்த்ததில்லை. “தெனம் வா” என்றான், திருப்தியாக. வாரிக் இரண்டு குலைக்கு ஒருமுறை போனைப் பார்த்தான். பதினாறரை. பதினாறு. விரல்கள் காற்றிலேயே திருகிக்கொண்டிருந்தன. எதிர் வரிசையில் வெட்டிக்கொண்டிருந்த பெத்தினா அதைப் பார்த்துவிட்டு, “யாருக்கு இங்கருந்தே பல்லு புடுங்கற?” என்றாள்.

பதினாறில் நின்றது. கொஞ்ச நேரம் அங்கேயே முனகிக்கொண்டிருந்தது. பிறகு ஏறியது. பதினேழு. பதினெட்டு. வாரிக் கத்திரியைக் கீழே போட்டான். யாரும் தொடவில்லை, தொட ஆளும் இல்லை. அறை பூட்டியிருக்கிறது, சாவி தன் பையில் இருக்கிறது. பத்தொன்பதரை. இருபது. இருபதில் போய் உட்கார்ந்துகொண்டு, சோறு தின்ற பூனை மாதிரி அப்புறம் அசையவே இல்லை. ட்ரெய்லர் நிரம்பியது, ஒயின் ஆலைக்குப் போனது, திரும்பி வந்தது. அப்போதும் இருபது.

கார் இப்போது வெளியே வரலாம். வாரிக் கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்திருந்தான்.

“என்னாச்சு? மூஞ்சி ஏன் இப்படி இருக்கு?” பெத்தினா பக்கத்தில் வந்து நின்றாள்.

“லேசர் நல்லா இருக்கு.”

“அதுக்கு அழுவாங்களா யாராவது?”

“நான் இல்லாம நல்லா இருக்கு, பெத்தினா. ஒம்பது வருஷமா தெனம் காலைல போய் அதைச் சரி பண்றேன். தொடாம விட்டா அதுவே சரியாகுது. அப்போ நான் இத்தனை நாளா என்ன பண்ணிட்டிருந்தேன்?”

அவள் கேலி செய்யாமல், தன் வாளியையும் கவிழ்த்துப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அதுவே அவனை இன்னும் பயமுறுத்தியது.

வீடு திரும்பும் வழியெல்லாம் யோசித்தான். வாடகை வீட்டில் குளியலறைக் குழாய் இருக்குமே, அதே கதை. சுடுதண்ணீர் வரவில்லை என்று திருப்புவோம். வருவதற்குள் பொறுக்காமல் இன்னும் திருப்புவோம். வந்ததும் வெந்து அலறிக் குளிர் பக்கம் திருப்புவோம். சும்மா நின்றிருந்தால் தானாக வந்திருக்கும். லேசரும் அப்படித்தான் போல. மேசை சூடாகும்வரை எண் விழும். சூடு பரவியதும் ஏறும். விழுவதைப் பார்த்ததும் இவன் பாய்ந்து திருப்பிவிடுவதால், அது தானாக ஏறும் என்பதைப் பார்க்க யாருக்கும் வாய்க்கவில்லை. இதுவரைக்கும் சரி. ஆனால் இவன் தொடுவது காலையில் மட்டும்தானே? மத்தியானக் கூத்தும் சாயங்காலக் கும்மாளமும் எங்கிருந்து வந்தன? மறுபடியும் குழம்பினான்.

செவ்வாய்க்கிழமை காலையில் பாஸ்கோ, ஸோயி இரண்டு பேரையும் மேசைக்கு முன்னால் கூட்டினான். மேசை ஓரத்தில் ஒரு மஞ்சள் நாடா ஒட்டியிருந்தது: ‘வாரிக். வேறு யாரும் கை வைக்கக் கூடாது.’ லேசர்க்காரர்கள் இடையே இது சாதாரண எச்சரிக்கை அல்ல. ஒருவன் நேர்செய்து வைத்த ஆடியை இன்னொருவன் தொடுவது, அவன் வாயில் விரலை விட்டுப் பல் துலக்கிவிடுவதற்குச் சமம்.

“இன்னிலேருந்து யாரும் எதையும் தொடப் போறதில்ல” என்றான் வாரிக். “நானும்தான்.”

ஸோயி பாஸ்கோவைப் பார்த்தாள். பாஸ்கோ சுவரைப் பார்த்தார்.

“நான் தொடவே இல்லையே?” என்றாள் ஸோயி. குரல் வழக்கம்போல ஏறியதால் அது மறுப்பா கேள்வியா என்று தெரியவில்லை. வாரிக் அவளையே பார்த்தான். “அதாவது... மத்தியானம் மட்டும்? நீ சாண்ட்விச் வாங்கப் போவ இல்ல, அப்போ? கொஞ்சூண்டு?”

“கொஞ்சூண்டா?”

“அஞ்சாவது ஆடி? கீழ்த் திருகு? நம்பர் விழுந்திட்டிருந்துதா, நீ வந்து பாத்தா மனசு ஒடஞ்சுடுவன்னு...”

“எத்தனை நாளா?”

“கிறிஸ்துமஸ்லேருந்து?”

வாரிக் பாஸ்கோ பக்கம் திரும்பினான். பாஸ்கோ சுவரில் ஒட்டியிருந்த தீயணைப்பு வரைபடத்தை மிகுந்த ஆர்வத்தோடு படித்துக்கொண்டிருந்தார்.

“ஹெட்லி?”

“ஆமா... இல்ல...”

“ஆமாவா, இல்லையா?”

“சாயங்காலம் லைட்டை அணைக்க வருவேன் பாரு மேட், அப்போ நம்பர் கொஞ்சம் கம்மியா இருக்கும். சும்மா போக மனசு வருமா? மூணாவது ஆடியை லேசா... இருபத்தொண்ணரை வந்துது ஒருநாள்! எனக்கு அன்னிக்கு ராத்திரி தூக்கமே வரல, சந்தோஷத்துல.”

அதாவது, காலையில் வாரிக் முதல் ஆடியைத் திருப்பி எண்ணை ஏற்றிவிட்டு நிம்மதியாகக் காபி குடிக்கப் போவான். மத்தியானம் ஸோயி ஐந்தாவதைத் திருப்பி ஏற்றிவிட்டு நிம்மதியாகச் சாப்பிடப் போவாள். சாயங்காலம் பாஸ்கோ மூன்றாவதைத் திருப்பி ஏற்றிவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போவார். மூன்று பேரும் உதவிதான் செய்தார்கள். மூன்று பேர் உதவியில் அந்த ஒளிக்கற்றை, மூன்று அத்தைகள் சேர்ந்து தலை வாரிவிட்ட குழந்தை மாதிரி நின்றது.

“ஏன் ஒருத்தரும் சொல்லல?” என்றான் வாரிக்.

“நாடா ஒட்டியிருந்துதே?” என்றாள் ஸோயி.

கோபப்படத்தான் நினைத்தான். கோபம் வரவில்லை. உள்ளூர ஒரு பக்கம் நிம்மதியாகக்கூட இருந்தது, கெடுத்தது தான் மட்டும் இல்லையே. அந்த நிம்மதியைப் பார்த்து வெட்கமாகவும் இருந்தது. எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்று தெரியாமல், “கெட்டில் எங்க?” என்று கேட்டான். மூன்று பேரும் டீ குடித்தார்கள்.

ஒருநாளும் தொடாமல் இருந்தவர்களுக்குத் தொடாமல் இருப்பது சுலபம். புதன்கிழமை ஒத்திகை பார்த்தபோது எண் பதினெட்டுக்கு வந்ததுமே வாரிக்கின் வலது கை தானாக எழுந்து போனது. ஸோயி அதை இரண்டு முறை தட்டிவிட்டாள். மூன்றாவது முறை வெளியே போய், தன் தம்பியின் கிரிக்கெட் பையிலிருந்து விக்கெட் கீப்பர் கையுறைகளைக் கொண்டுவந்து மாட்டிவிட்டாள்.

“இதைப் போட்டுட்டு திருகு, பாக்கலாம்?”

நூறு கிலோ வாரிக், தலையணை மாதிரி இரண்டு கைகளோடு ஸ்டூலில் உட்கார்ந்து மீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தான். பாஸ்கோ தன் கைகளைப் பாக்கெட்டில் விட்டு, மேலே பித்தானும் போட்டுக்கொண்டார். “எனக்கு மாட்ட ஆள் இல்ல. நானே எனக்குப் போலீஸ்.”

வியாழன் வந்தது. நெரிடா காலவே குள்ளமானவள், வெயிலில் வெந்த மூக்கு, மலையேறும் பூட்ஸ். பக்கத்தில் நிற்பவரிடமும் பள்ளத்தாக்கைத் தாண்டிக் கூப்பிடுவது போலத்தான் பேசுவாள்.

“மேல எப்பவும் காத்து! கத்திப் பேசிப் பேசியே பழகிடுச்சு! லேசர் எது? இதுவா? போடு!”

பாதுகாப்புக் கண்ணாடிகளை மாட்டிக்கொண்டார்கள். வாரிக் போட்டான். எண் ஜம்மென்று இருபதுக்கு ஏறியது. நெரிடா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கையுறைகளைப் போட்டால் விருந்தாளி என்ன நினைப்பாளோ என்று வாரிக் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அதன் மேல் உட்கார்ந்துகொண்டான்.

எண் விழ ஆரம்பித்தது.

“விழுது” என்றாள் நெரிடா.

“ஆமா.”

“என்ன பண்ணப் போற?”

“ஒண்ணும் பண்ணப் போறதில்ல.”

“ஒண்ணுமேவா?”

“ஒண்ணுமே.”

அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். பதினெட்டரை. பதினெட்டு. வாரிக்கின் உள்ளங்கைகள் மரத்துப்போயின. பாஸ்கோவின் பாக்கெட்டுக்குள் ஏதோ குட்டி மிருகம் மாதிரி அசைந்தது. பதினேழரை. ஸோயி கூரையைப் பார்த்துக்கொண்டு மூச்சை நிறுத்தியிருந்தாள்.

அப்போது நெரிடா எழுந்தாள். மேசைக்கு அருகே போய்க் குனிந்து, ஆடிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். “நல்லா கட்டியிருக்கீங்க” என்று முனகினாள். முனகிக்கொண்டே, கடைக்கண்ணால் மீட்டரைப் பார்த்தபடி, மிக இயல்பாக, தன் வீட்டு அடுப்பைத் தணிப்பவள் போல, மூன்றாவது ஆடியின் திருகுக்குக் கையைக் கொண்டுபோனாள்.

“தொடாதீங்க!”

மூன்று பேரும் சேர்ந்து போட்ட சத்தத்தில் ஸ்டூல் விழுந்தது. நெரிடாவின் விரல் திருகுக்கு ஒரு நூல் தூரத்தில் நின்றது. அவள் அந்த விரலைத் தூக்கி முகத்துக்கு நேரே வைத்துப் பார்த்தாள்.

“இது எப்போ போச்சு அங்க?”

“எல்லாருக்கும் அப்படித்தான் போகும்?” என்றாள் ஸோயி.

நெரிடா ஸ்டூலை நிமிர்த்தி உட்கார்ந்து, வாரிக்கைப் பார்த்துவிட்டு, தன் கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

பதினேழு. பதினாறரை. பதினாறு. இங்கேதான் திங்கள்கிழமை நின்றது, இங்கேதான் நிற்க வேண்டும் என்று வாரிக் நினைத்தான். பதினைந்தரை. நிற்கவில்லை. அன்றைக்கு நின்றது அதிர்ஷ்டமோ? நேற்று ஒத்திகையில் யாருக்கும் தெரியாமல் தன் கை எதையாவது திருப்பிவிட்டதோ? கையுறை போடுவதற்கு முன்னால் போன அந்த இரண்டு முறை, ஸோயி நேரத்துக்குத் தட்டினாளா, இல்லை தட்டுவதற்குள் தொட்டுவிட்டதா? நினைத்துப் பார்த்தால் தொட்ட மாதிரியும் இருந்தது, தொடாத மாதிரியும் இருந்தது. ஒரு முடி அளவு திருப்பினால் போதும், எல்லாம் சரியாகிவிடும். திருப்பினால் எல்லாம் போய்விடும். இரண்டும் ஒரே அளவுக்கு உண்மையாகத் தோன்றின. க்ளென்னின் ட்ரெய்லர் கண் முன்னால் வந்து நின்றது.

உட்கார்ந்திருந்தான். அவ்வளவுதான் செய்தான்.

பதினைந்து. பதினைந்து. பதினைந்து. பதினைந்தரை.

பதினாறு. பதினேழு. பாஸ்கோ மூக்கை உறிஞ்சினார். எண் சாவகாசமாக, மாடி ஏறும் கிழவர் மாதிரி ஒவ்வொரு படியிலும் நின்று நின்று, இருபதுக்கு வந்து சேர்ந்தது. வந்த பிறகு மதியம் வரைக்கும் அங்கேயே இருந்தது.

“எடுத்துக்கறேன்!” என்று கத்தினாள் நெரிடா. ஸோயி வாரிக்கைக் கட்டிக்கொண்டாள். பாஸ்கோ, “ஆமா! ஆமா! ஆமா!” என்றார். அவர் வாயிலிருந்து அது மூன்று முறை தனியாக வந்ததை அந்த ஆய்வகம் அதற்கு முன் கேட்டதில்லை.

“ஆனா ஒரு நிபந்தனை” என்றாள் நெரிடா. “அத்தனை திருகையும் இப்பவே ஒட்டணும். என் கண் முன்னால.”

“ஒட்டறதா?”

“பசை போட்டு. மலையில நாங்க பதினோரு பேரு. அத்தனை பேருக்கும் ரெண்டு ரெண்டு கை. இப்பத்தான் என் கையையே பாத்தேன், மத்தவங்களை எப்படி நம்பறது?”

வாரிக்கின் முகம் வெளுத்தது. “ஒட்டிட்டா அப்புறம் திருப்பவே முடியாது.”

“அதுக்குத்தானே ஒட்டறது!”

“இல்ல... இதுதான் சரியான எடம்னு எப்படித் தெரியும்? இன்னும் கொஞ்சம் பாத்தா இருபத்தொண்ணுகூட...”

“வரலாம். பதினெட்டும் வரலாம்.”

“பசை காயறப்போ சுருங்கும். ஆடி நகந்துடும்.”

“நகரட்டும்.”

“அப்போ...” அவன் மேசையைப் பார்த்தான். “ஒட்டிட்டா எனக்கு இங்க என்ன வேலை?”

“இன்னும் மூணு செய்யற வேலை! ஒரு தொலைநோக்கிக்கு நாலு லேசர் வேணும், ஒண்ணை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது? என்னப்பா, சந்தோஷமா இல்லையா?”

சந்தோஷமாகத்தான் இருந்திருக்க வேண்டும். அவனால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

பாஸ்கோ பசையை எடுத்து வந்தார். நீல விளக்கைக் காட்டினால் இறுகுகிற ரகம், பெத்தினாவின் கிளினிக்கில் பல் ஓட்டையை அடைத்துவிட்டுக் காட்டுவார்களே, அதே மாதிரி. “நான் ஒட்டட்டுமா?” என்றாள் ஸோயி. இந்த முறை அது நிஜமாகவே கேள்வி.

“வேண்டாம். நானே ஒட்டறேன்.”

ஊசி முனையில் ஒரு சொட்டு. ஐந்தாவது ஆடி, மூன்றாவது ஆடி, அப்படியே ஒவ்வொன்றாக. ஸோயி விளக்கைக் காட்டினாள். ஒவ்வொரு சொட்டுக்கும் வாரிக் மீட்டரைத் திரும்பிப் பார்த்தான், ஒவ்வொரு முறையும் நெரிடா, “மேசையைப் பாரு!” என்றாள். கடைசியாக முதல் ஆடி. காலையில் அவன் தொடும் ஆடி. சொட்டு வைத்தான். விளக்கு வருவதற்கு முன் இருந்த அந்தக் கணத்தில், கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் திருகின் இரு பக்கமும் போய் உட்கார்ந்திருந்ததை அவன் பார்த்தான். எடுக்கலாம் என்று நினைத்தான். எடுத்தான். அதற்குள் நீல வெளிச்சம் விழுந்துவிட்டது.

மீட்டர் பத்தொன்பதரைக்கு இறங்கி, அங்கேயே நின்றது.

அந்த அரை, பசை சுருங்கியதால் போனதா, விரலை எடுக்கும்போது போனதா என்று வாரிக்குக்குத் தெரியவில்லை. குனிந்து பார்த்தான். பசை கல் மாதிரி இருந்தது, ஒன்றும் சொல்லவில்லை. பின்னால் நெரிடா, பத்தொன்பதரை தனக்குத் தாராளம், இங்கே நல்ல சாப்பாடு எங்கே கிடைக்கும் என்று கேட்டுக்கொண்டிருந்தாள். பாஸ்கோ ஏதோ கடைப் பெயர் சொன்னார். மூன்று பேரும் கதவருகே போய்விட்டார்கள். வாரிக் இன்னும் கொஞ்ச நேரம் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டு நின்றான்.